மனநல டாக்டரிடம் நான் நடித்த படம்

ஒரு படத்தில் மனநல டாக்டர் வந்துவிட்டால், கடைசி அரைமணி நேரத்தில் இரண்டில் ஒன்று நடந்தே தீரும். ஒன்று, டாக்டர்தான் கொலைகாரர் என்று தெரியவரும். இல்லாவிட்டால் டாக்டருக்கும் நோயாளிக்கும் காதல் வந்துவிடும். (இரண்டும் சேர்ந்து வந்தால் அந்த வாடகை சிடியை இன்னொரு நாளும் வைத்துக்கொள்வோம்.) இருபத்தாறு வயதில் மனித மனத்தைப் பற்றி எனக்கு இருந்த மொத்த அறிவு இவ்வளவுதான். அதை நம்பி நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்போது எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. கணவர் சேகர் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டினார். மாமியார் காலையில் மீன் விற்றுவிட்டு வந்து, குளித்து, பவுடர் பூசிக்கொண்டு டிவி முன்னால் உட்காருவார். நானும் உட்காருவேன். மற்ற வீடுகளில் மாமியாரும் மருமகளும் சீரியல் பார்த்து அழுதார்கள். நாங்கள் தமிழில் டப்பிங் செய்த ஆங்கிலத் திகில் படங்களைப் பார்த்துப் பயந்தோம். நீளமான சோபாவில் நோயாளி படுத்திருப்பார், டாக்டர் தலைமாட்டில் உட்கார்ந்து ஏதோ எழுதுவார், வெளியே மழை கொட்டும். "இந்தாளு மூஞ்சே சரியில்ல. இவன்தான் பண்ணிருப்பான்" என்று அத்தை டாக்டரைக் காட்டுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இந்த நிலையில்தான் சேகர் ராயபுரத்தில் ஒரு மனநல டாக்டரிடம் போக ஆரம்பித்தார். யார்டில் ஒருமுறை அவர் கிரேனின் சங்கிலி அறுந்து கன்டெய்னர் கீழே விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அதிலிருந்து அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை. கம்பெனியிலேயே சொல்லி அனுப்பினார்கள். வியாழக்கிழமைதோறும் போவார்.

"அங்க இன்னாய்யா பண்றாங்க?" என்று கேட்டேன்.

"சும்மா பேசிகினு இருப்போம்."

"சும்மா பேசறதுக்கு எதுக்கு டாக்டரு? வூட்ல நான் இல்ல?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "அந்தம்மாகிட்ட பேசினா மனசு லேசா கீதுமே" என்றார்.

அந்தம்மா! டாக்டர் ஒரு பெண் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அடுத்த வாரம் திரும்பி வரும்போது வாயில் பாட்டு வேறு. நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் பார்க்காத படமா?

"இது காதலா, கொலையான்னுதான் புரியல கோமதி" என்றார் அத்தை.

(பெற்ற மகனைப் பற்றி இவ்வளவு அமைதியாகச் சொன்னார்.)

திட்டம் நான் போட்டதுதான். பழியை அத்தை மேல் போடமாட்டேன். சந்தேகத்துக்குரிய டாக்டரிடம் கதாநாயகி தானே நோயாளியாகப் போய் உட்காருவது படங்களில் வழக்கம். அதே மாதிரி நான் உள்ளே போவது, அத்தை வெளியே பெஞ்சில் காவல் இருப்பது, ஆபத்து என்றால் இருமுவது என்று பேசிக்கொண்டோம். சேகர் போவது வியாழன் என்பதால் நாங்கள் புதன்கிழமை போனோம். அந்த வாரம் அவருக்கு ஷிஃப்ட் மாறி, டாக்டரைப் பார்க்கும் நாளும் மாறியிருந்தது. அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மருந்துக்கடைக்கு மேலே மாடியில் கிளினிக். சோபா இல்லை. மழையும் இல்லை, மே மாத வெயில். பிளாஸ்டிக் நாற்காலி, கறகறவென்று சுற்றும் ஃபேன், ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஐம்பது வயது அம்மாள். அவர்தான் டாக்டர். அவரைப் பார்த்தவுடனே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் டோக்கன் வாங்கியாயிற்று, ஒத்திகையும் பார்த்தாயிற்று.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"

"எனக்குள்ள இன்னொருத்தி இருக்கா டாக்டர்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அவங்க எப்ப வருவாங்க?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. "இப்பவே வருவா" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு வரவழைத்துத்தானே ஆக வேண்டும்? கொண்டையை அவிழ்த்துவிட்டேன். கண்ணை உருட்டினேன். அடித்தொண்டையிலிருந்து ஒரு குரலை எடுத்தேன்.

இதே நேரம் வெளியே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. படியேறி வந்த சேகர், பெஞ்சில் தன் தாயைப் பார்த்து, "யம்மா, நீ இங்க இன்னா பண்ற?" என்று திகைத்திருக்கிறார். இரும வேண்டிய அத்தை இருமவில்லை. மகனிடம் மாட்டிக்கொண்ட பயத்தில் அவருக்குத் தோன்றிய ஒரே வழி, என்னைக் கைவிடுவது.

"உன் பொண்டாட்டிக்குப் பைத்தியம் புடிச்சிக்கிச்சுடா. உள்ள கீறா."

கதவு திறந்தபோது நான் மேஜையைத் தட்டி, "இவளை நான் வுடமாட்டேன்!" என்று உறுமிக்கொண்டிருந்தேன்.

சேகர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"என்னாலதான் டாக்டரம்மா இவளுக்கு இப்டி ஆயிடுச்சு. நான் ராவெல்லாம் முழிச்சிகினு கெடக்கறத பாத்துப் பாத்து... கிரேன் ஏறியே ரொம்ப நாளாச்சு. ஏறினா கீழ நிக்கிறவன் தலதான் தெரியுது, கை ஆடுது. கீழ நின்னு நம்பர் எழுதிகினு கீறேன். பயந்துக்குவாளேன்னு இவகிட்ட சொல்லல."

எனக்குள் இருந்த இன்னொருத்தி அந்த நொடியே ஓடிப்போனாள். தலைவிரி கோலமாக நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் படுத்திருந்த மனிதர் ஏன் தூங்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்காமல், ஏதோ படத்தில் ஒரு வெளிநாட்டு டாக்டர் கத்தியை எங்கே ஒளித்தார் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லய்யா" என்றேன். "நடிச்சேன்."

அவர் என்னை நம்பவில்லை. டாக்டர் பக்கம் திரும்பி, பயந்த குரலில், "இப்ப பேசறது யாரு டாக்டரம்மா?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சிடி, பாட்டு, காதலா கொலையா என்ற விவாதம், எதையும் விடவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வெளிய நெஜமாவே முடியாதவங்க காத்துகிட்டு இருக்காங்கம்மா" என்றார். வேறு எதுவும் சொல்லியிருக்க வேண்டாம், அதுவே போதும். ஆனால் கிளம்பும்போது, "அடுத்த வாரம் நீங்களும் அவர்கூட வாங்க. நடிக்காம வாங்க" என்றார்.

போனேன். பல வாரங்கள் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கல்யாணமாகி முதல்முறையாக, அவர் பேசியதை வாயைத் திறக்காமல் கேட்டேன். அந்த வருடக் கடைசியில் சேகர் மறுபடி கிரேன் ஏறினார்.

அத்தையை மன்னித்துவிட்டேன். ஆனால் அவர் பெஞ்சில் சொன்ன வாக்கியத்தை வீடு விடவில்லை. நான் சமையலறையில் இருக்கும்போது யாராவது என்னைத் தேடி வந்தால், சேகர் அத்தை குரலிலேயே, "அவளுக்குப் பைத்தியம் புடிச்சிக்கிச்சு, உள்ள கீறா" என்பார். போன வருடம் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதற்குள் டீச்சர், "அம்மா வரலையா?" என்று கேட்டிருக்கிறார். இதெல்லாம் நடந்தபோது பிறந்தே இராத என் மகள், பழக்கதோஷத்தில், "அம்மாவுக்குப் பைத்தியம் புடிச்சிக்கிச்சு மிஸ், வெளிய கீறாங்க" என்று சொல்லிவிட்டாள்.

நான் நுழைந்ததும் டீச்சர் எழுந்து நின்றார். மேஜை மேலிருந்த கத்தரிக்கோலை மெதுவாக எடுத்து டிராயருக்குள் வைத்துவிட்டு, "உக்காருங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.