பாலித் தீவுக்குப் போன பாஸ்போர்ட் அண்ணன்

உலகத்தில் எந்த விமான நிலையத்தில் எந்த வாசலுக்கு எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், எங்கே தயிர் சாதம் கிடைக்கும், எந்த ஊர் அதிகாரி சிரிப்பார், எந்த ஊர் அதிகாரி சிடுசிடுப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பிள்ளையார்பாளையத்தில்தான் இருக்கிறார். நான் சொல்லப்போகும் இந்தக் கல்யாணம் வரைக்கும் அவர் செங்கல்பட்டைத் தாண்டியதில்லை.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். யாரும் எங்கேயும் கூப்பிடாதபோதே போய் ஒரு பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வந்தார். சட்டைப்பையில் அதை வைத்துக்கொண்டுதான் மளிகைக் கடைக்கே போவார். அதனால் பாஸ்போர்ட் அண்ணன். பத்து வருடம் ஆகி, ஒரு முத்திரைகூட விழாமல் அது காலாவதியானபோது, புதுப்பித்துக்கொண்டு வந்து தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார்.

இவருக்கு இத்தனை உலக ஞானம் எங்கிருந்து வந்தது என்றால், பட்டுக்கடையிலிருந்து. வாடிக்கையாளருக்கு விரித்துக் காட்டிய புடவைகளைத் திரும்ப மடித்து வைப்பது அவர் வேலை. கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருவார்கள். மனைவிமார் நாலு மணி நேரம் புடவை பார்ப்பார்கள். கணவன்மார் ஓரமாக உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். அண்ணன் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டே விசாரிப்பார். இப்படியே துபாய், டொராண்டோ, மெல்பர்ன் எல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது.

இந்த நிலையில்தான் எதிர்வீட்டு ஏகாம்பரத்தின் மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை. கல்யாணத்தைப் பாலித் தீவில் கடற்கரையோரம் வைப்பதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவிலிருந்து இருபத்திரண்டு பேர் போக வேண்டும். அதில் இருபது பேர் விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருந்தோம். "நம்ம பாஸ்போர்ட்டு கூட வரலைன்னா நான் ஏர்போர்ட்டு வாசப்படிகூட மிதிக்க மாட்டேன்" என்று ஏகாம்பரத்தின் அக்கா குப்பம்மா அத்தை சொல்லிவிட்டாள். அண்ணன் இருபத்துமூன்றாவது ஆளானார்.

ஞாயிறுதோறும் ஏகாம்பரத்தின் தறிக்குப் பக்கத்தில் வகுப்பு நடந்தது. அண்ணனே வெளிநாட்டு அதிகாரியாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்.

"எதுக்கு வந்தீங்க?"

"அழைச்சாங்க, வந்தேன். அழைக்காத வூட்டுக்கு வர்றவளா நானு?" என்றாள் அத்தை.

"அத்தே, அவன் ஆபீசரு. சண்டை போடக் கூடாது. கல்யாணத்துக்குன்னு சொல்லு, போதும்."

"எந்த ஆபீசரா இருந்தா என்னா? கேக்கிற விதத்துல கேக்கணும்."

இருபத்திரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே மாதிரி கறுப்புப் பெட்டி வாங்கி வைத்திருந்தோம். அண்ணன் அதற்கும் வழி வைத்திருந்தார். தறியில் மிஞ்சிய பட்டு நூலை எடுத்து, வீட்டுக்கொரு நிறமாகக் கைப்பிடியில் முடிந்துவிட்டார். ஊறுகாய் பெட்டிக்குள் போக வேண்டும், மருந்துச் சீட்டு கையில் இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு பெரிய உபதேசம் செய்தார்.

"பொம்பளைங்க அத்தினி பேரும் இருக்கிறதுலயே கனமான பட்டைக் கட்டிக்கினு ஏறுங்க. பெட்டியைத்தான் எடை போடுவான். ஆளைத் தூக்கித் தராசுல வெக்க மாட்டான்."

எல்லாம் சரி, முகூர்த்தப் புடவையை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் ஏகாம்பரத்தின் கவலை. மகளுக்காக அவரே ஒரு மாதம் உட்கார்ந்து நெய்த அரக்கு நிறப் புடவை. மஞ்சள் குங்குமம் வைத்து அம்மன் பாதத்தில் வைத்து எடுத்து வந்தது. இதைத் தவிர வேறு புடவையில் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று, வேலை பார்க்கும் ஊரிலிருந்து நேராகப் பாலிக்கு வரவிருந்த சுகன்யா சொல்லியிருந்தாள். பெட்டியில் போட்டுப் பெட்டி வராவிட்டால் கல்யாணமே நிற்கும் என்று அவருக்குத் தூக்கமே போய்விட்டது.

"என்கிட்ட குடு. கல்யாணப் பொண்ணு கையில சேக்கிறது என் பொறுப்பு. எப்படின்னு மட்டும் கேக்காதே" என்றார் அண்ணன்.

புறப்படும் நாள், ஒட்டிய வயிற்றுக்காரரான அண்ணன் ஆறு மாதத் தொந்தியோடு வேனில் வந்து ஏறினார். வாயுத் தொந்தரவு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

விமான நிலையத்தில் சோதனை வாசல் வந்தது. முதலில் குப்பம்மா அத்தை நுழைந்தாள். பீப் என்றது. பின்னாலேயே பத்துப் பெண்கள். பீப், பீப், பீப். ஜரிகை என்பது வெள்ளிக் கம்பி என்பதை, பிறந்ததிலிருந்து ஜரிகைக்கு நடுவே வாழ்கிற நாங்கள் ஒருவர்கூட யோசிக்கவில்லை. காவல் பெண்மணி ஒவ்வொரு முந்தானையாகத் தடவித் தடவி, கடைசியில் சோதனையை விட்டுவிட்டு விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணன் நுழைந்தபோது அந்த வாசல் அலறியது. வடக்கத்தி இளைஞர் ஒருவர் அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் மாறினார். சட்டையைத் தூக்கச் சொன்னார். புதுப் பனியனுக்கு மேல் மல்துணி, அதற்குள் பட்டையாக மடித்துச் சுற்றிய முகூர்த்தப் புடவை. ஏகாம்பரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"பெட்டி தவறும், பையை மறப்போம். வயித்தை மறந்துட்டு எவன்பா போவான்?" என்றார் அண்ணன், எங்களைப் பார்த்து.

பிரித்துக் காட்டச் சொன்னார்கள். "கீழ மட்டும் படக் கூடாது" என்று அண்ணன் பதறி, அந்த இளைஞர் கையில் ஒரு முனையையும் இன்னொரு காவலர் கையில் மறு முனையையும் கொடுத்தார். "முந்தானையைக் கெட்டியா புடிப்பா! இழுக்காதே, இழுக்காதே, அப்படியே நில்லு." தமிழே தெரியாத இருவரும் ஒரு வார்த்தை பிசகாமல் கீழ்ப்படிந்தார்கள். ஆறு கஜமும் விரிந்து நின்றபோது பின்னால் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அண்ணன் ஒரே நிமிடத்தில் மடித்து, திரும்பவும் சுற்றிக்கொண்டார். அந்த இளைஞர்தான் மல்துணியை முடிந்துவிட்டார்.

அதன் பிறகு பதினாலு மணி நேரம். நடுவில் சிங்கப்பூரில் விமானம் மாறினோம். அண்ணன் எதையும் சாப்பிடவில்லை, பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவில்லை. பணிப்பெண் ஜூஸ் நீட்டியபோதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நான் சும்மா இருப்பேனா? "என்னாண்ணே, உலகத்துக்கே வழி சொன்னீங்க, ஏறினதும் பயத்துல தொண்டை அடைச்சிக்கிச்சா?" என்று கேட்டேன். தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். உதடு வெடித்திருந்தது.

பாலியில் அதிகாரி குப்பம்மா அத்தையைப் பார்த்துப் புன்னகைத்து, ஒன்றுமே கேட்காமல் முத்திரை குத்திவிட்டார். அத்தைக்குப் பெரிய ஏமாற்றம். பெட்டிகள் சுற்றி வந்தன. "யே, மாம்பழக் கலரு யாருது? மயில்கழுத்து வருது பாரு, புடி!" என்று எங்கள் பெண்கள் போட்ட சத்தத்தில் வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இருபத்துமூன்று பெட்டியும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. "பெட்டியிலயே போட்டிருக்கலாம் இல்லண்ணே?" என்று அதற்கும் ஒரு குத்து குத்தினேன்.

ஓட்டல் அறையில் சுகன்யா காத்திருந்தாள். அண்ணன் புடவையை அவிழ்த்து, ஏகாம்பரத்தை ஒரு முனை பிடிக்கச் சொல்லி மடித்து, தட்டில் வைத்து நீட்டினார். அவள் அதை வாங்கி முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். அப்பாவும் மகளும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள்.

"அதெல்லாம் அப்புறம். பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அண்ணன். கைகாட்டுவதற்குள் ஓடிவிட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

குப்பம்மா அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்கிறீங்களே! அம்மன் பாதத்துல வெச்ச பொடவையை இடுப்புல சுத்திக்கினு அந்த எடத்துக்கு எப்படிடா போவான்? போவக் கூடாதுன்னுதான் நேத்து ராத்திரியில இருந்து சொட்டுத் தண்ணி குடிக்காம வந்துக்கினு இருக்கான்" என்றாள்.

நான் மேஜையில் இருந்த பாட்டிலைத் திறந்து ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றினேன். அண்ணன் வெளியே வரும்வரை, அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.