பாட்டிலை விட்ட கதை

2007-ம் வருஷம், சித்திரை மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு நான் பாட்டிலை விட்டேன்.

தப்பாக நினைக்காதீர்கள். தண்ணீர் பாட்டில். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாளும் உங்களைப் போலத்தான் தப்பாக நினைத்தார். செம்மண்டலத்தில் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "தனக்கோடி! இன்னியோட பாட்டில விட்டுட்டேன். உடம்புக்கு ஆகாது!" என்று நான் மனைவியிடம் முழங்கியபோது, அவர் காம்பவுண்டு சுவரை எட்டிப் பார்த்தார்.

"ரொம்ப சந்தோசம் தம்பி. எத்தினி வருசமா இருந்திச்சி?"

எல்லாவற்றுக்கும் காரணம், சிதம்பரத்தில் என் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்த ஒரு மெயில். கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலில் மறுபடி மறுபடி பிடித்துக் குடித்தால், பிளாஸ்டிக்கிலிருந்து என்னென்னவோ இறங்கி வயிற்றுக்குள் போகுமாம். யார் எழுதியது, எந்த ஊர் டாக்டர் சொன்னது என்ற விவரம் கிடையாது. நோய்களின் பெயர் மட்டும் ஒன்றரைப் பக்கம். படிக்கப் படிக்க, அதில் முக்கால்வாசி எனக்கு இருப்பது தெரிந்தது. பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் ஃபிரிட்ஜில் அந்த மாதிரி பதினாலு பாட்டில். அதில் ஒன்று என் மகள் வித்யா எட்டாவது படிக்கும்போது வாங்கியது. இப்போது அவள் பத்தாவது எழுதிவிட்டாள்.

"வெறும் பாட்டிலு, அது என்னா பண்ணிடும்?" என்றாள் தனக்கோடி.

"மெல்ல மெல்லக் கொல்லும்."

"பதினேழு வருசமா என் சமையலையே தாங்கிட்டீங்க. இதுக்குப் போயி பயப்படறீங்களே மாமா!"

நான் அசையவில்லை. பதினாலும் பழைய பேப்பர்காரரிடம் போயின. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் எனக்கென்று ஓர் எவர்சில்வர் பாட்டில் வாங்கினோம். தினம் சாயங்காலம் அதைத் தனக்கோடி கழுவுவாள். காலையில் தண்ணீர் நிரப்பித் தருவாள். நான் சிதம்பரம் பஸ் ஏறுவேன். வழியெல்லாம், பிளாஸ்டிக் பாட்டிலில் குடிப்பவர்களை அனுதாபத்தோடு பார்ப்பேன்.

பதினோரு நாள் இப்படிப் போனது. பன்னிரண்டாம் நாள் பாட்டிலை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். ஆபீஸில் பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். டைம்கீப்பரைப் பிடித்தேன்.

"எந்த பஸ்ஸு சார்?"

"முன்னாடி மாலை போட்டிருந்திச்சி."

"எல்லா பஸ்ஸுலயும் மாலை இருக்கு சார்."

கத்திரி வெயில். நாக்கு ஒட்டிக்கொண்டது. கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினேன். அன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும் என்றுதான் வாங்கினேன், சத்தியமாக. மறுநாள் அதிலேயே ஆபீஸ் தண்ணீரைப் பிடித்தேன். அதற்கும் மறுநாள், அந்த மெயிலே பொய்யாக இருக்கலாமே என்று சந்தேகப்பட்டேன். ஆனாலும் ஒவ்வொரு மடக்குக்கும் வயிற்றில் ஏதோ உருள்கிற மாதிரியே இருந்தது.

தொலைத்த அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் விசாரணை ஆரம்பமானது.

"பாட்டில் எங்க?"

"ஆபீஸ்லயே வச்சிட்டேன். அங்கியே தண்ணி புடிச்சிக்கலாம்னு."

"கழுவ வேணாமா?"

"நானே கழுவிக்கிறேன்."

அங்கேதான் தப்புப் பண்ணினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு டம்ளரைக்கூடக் கழுவியதில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"நீங்களா?"

"ஆமா."

"சோப்பு போட்டு?"

"ம்."

"ஆபீஸ்ல புதுசா யாராச்சும் சேந்திருக்காங்களா?"

"ஒரு டைப்பிஸ்ட்டு."

"பேரு?"

"சுப்புராயன்."

அன்றிலிருந்து சோதனை. தினமும் நான் வந்ததும் என் பையைத் திறந்து மோந்து பார்த்தாள். குடையை விரித்துக்கூட உதறினாள். நான் பிளாஸ்டிக் பாட்டிலை ஆபீஸ் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டியிருந்ததால் தைரியமாக இருந்தேன்.

ஒரு சாயங்காலம் நான் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். தனக்கோடி சுவரோரம் நின்று கொளஞ்சியம்மாளிடம் பேசுவது காதில் விழுந்தது.

"இவரு கொண்டாந்தாரே ஒரு மெயிலு, அத வித்யாவ படிக்கச் சொன்னேங்க்கா. பாட்டில்லயே பத்து நாளு குடிச்சா நாக்குக்கு அடியில நீலம் பாய்ஞ்சிடுமாம். அதுக்கப்பறம் ஒண்ணும் பண்ண முடியாதாம்."

டம்ளரைக் கீழே வைத்தேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பத்து நாள்.

ஒன்றும் நடக்காதவன் போல எழுந்து உள்ளே போனேன். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மேலே தூக்கி, அடியில் பார்த்தேன்.

நீலம்! இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு!

"தனக்கோடி!" என்று அலறினேன்.

அவள் ஏற்கெனவே என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். நிதானமாகத் தன் நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அங்கேயும் இரண்டு நீலக் கோடு.

"அது நரம்பு. எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும். மெயில்ல நாக்கப் பத்தி ஒரு வார்த்தை கெடையாது" என்றாள். "எவர்சில்வர்ல குடிக்கிறவருக்கு நாக்கப் பாக்க என்னா வேலை மாமா?"

பஸ், மாலை, டைம்கீப்பர், டிராயர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் நேரே சுவரோரம் போனாள்.

"அக்கா! இவரு பாட்டில விடவேயில்ல. ஆபீஸ்ல பூட்டி வச்சிக்கிட்டு தெனமும் குடிச்சிருக்காரு!"

"மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிதே!" என்றார் கொளஞ்சியம்மாள்.

மறுநாள் காலை தனக்கோடி புதுத் தண்ணீர் பாட்டில் ஒன்றை என் கழுத்தில் மாட்டிவிட்டாள். எவர்சில்வர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் மேலே ரோஸ் கலர் உறை. உறையில் கேரட் தின்னும் முயல். நீளமாக ஒரு வார்.

"எல்கேஜி புள்ளைங்களே இத தொலைக்கிறதில்ல" என்றாள்.

பஸ்ஸில் ஏறியதும் கழற்றிவிடலாம் என்றிருந்தேன். அவள் ஸ்டாப்பிங் வரைக்கும் கூடவே வந்தாள். நான் உட்கார்ந்த ஜன்னலுக்கு நேர் கீழே நின்றுகொண்டாள்.

பஸ் கிளம்புவதற்குள் கண்டக்டர் வந்தார். என் கழுத்தைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார்.

"ஃபுல் டிக்கெட்டா சார், ஆஃபா?"