ஐந்தாம் பாகத்தில் வரும் சிரிப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் நலம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டுகிறாயே, கண்ணைப் பார்த்துக்கொள். இதுவரை எழுதியது மரியாதைக்கு. இனிமேல் எழுதுவதெல்லாம் கோபத்தில் எழுதுவது, நீயும் அப்படியே படித்துக்கொள்.

போன வாரம் உன் எடிட்டிங் அறைக்குக் கூப்பிட்டு உங்கள் விண்வெளிப் படத்தின் ஐந்தாம் பாகத்தைப் போட்டுக் காட்டினாய். டீயைக்கூடக் குடிக்காமல் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். "அண்ணி, ஏதாச்சும் தப்பா?" என்று லிஃப்ட் வரைக்கும் ஓடி வந்தாய். "தலை வலிக்குதுப்பா" என்றேன். தலையெல்லாம் வலிக்கவில்லை.

உன் அண்ணன் நடிகர் இல்லை என்பது உனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அவர் செட் போடுகிற தச்சர். இருபது வருடத்துக்கு முன்னால், முதல் பாகத்துக்கு அந்த விண்கலக் கதவை பிளைவுட்டில் செய்து வெள்ளித்தாள் ஒட்டியவர். ஈரத்தில் பலகை உப்பிப்போய்க் கதவு சாத்த வரவில்லை. மெக்கானிக் வேஷத்துக்கு வந்த நடிகர் இழு இழு என்று இழுத்துத் தோளைச் சுளுக்கிக்கொண்டார். எங்கே தூக்கி எங்கே அழுத்தினால் சாத்தும் என்பது செய்தவருக்குத்தான் தெரியும் என்று, இவருக்கே அந்த உடுப்பை மாட்டிவிட்டார்கள். படத்தில் கதவை வெளியிலிருந்து சாத்தி, உள்ளே இருந்த எல்லாரையும் காப்பாற்றி, நாலே நிமிடத்தில் செத்துப்போனார். அத்தோடு முடிந்தது என்று நாங்களும் நினைத்தோம்.

எங்கே முடிந்தது? இரண்டாம் பாகத்தில் கதாநாயகன் கண்ணை மூடும்போதெல்லாம் இவர் வந்து கதவைச் சாத்தினார். அப்போது உயிரோடு இருந்தார், தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அதே கதவுதான், ஒரு ஆணிகூட மாத்தல" என்றார். அவர் நிஜமாகவே போய்ச் சேர்ந்த பிறகு மூன்றாம் பாகத்தில் அவர் குரல் வந்தது. ஒரு மிமிக்ரிக்காரரை வீட்டுக்கே அழைத்து வந்து, "சார் மாதிரி இருக்கா மேடம்?" என்று கேட்டார்கள். எனக்கென்னவோ உன் அப்பா பேசுவது மாதிரி இருந்தது. நான்காம் பாகத்தில் அவருக்கு இரட்டைப் பிறவி ஒருவர் இருந்தாராம். எதிர்வீட்டம்மா, "சொல்லவே இல்லையே, அவரு இப்ப எங்க இருக்காரு?" என்று மனத்தாங்கலோடு கேட்டாள். அதே வாரம் மின் இணைப்பை என் பேருக்கு மாற்றப் போனேன். குமாஸ்தா இறப்புச் சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தார். "போன வெள்ளிக்கிழமை ரிலீஸான படத்துல இருக்காரேம்மா, எதுக்கும் மேலதிகாரிய ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று உட்கார வைத்துவிட்டார். மூன்று மாதம் நடந்தேன். அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்று உலகமே உங்களைச் சொல்கிறது, அரைபடுவது என் வீட்டுக்காரர் அல்லவா? அவ்வளவு பெரிய ஆகாயத்தை வைத்துக்கொண்டு, ஐந்து படத்தில், புதிதாக ஒரு சாவு எழுத உங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லையா?

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. கதாநாயகனின் மகள் விண்கலத்தில் தனியாக மாட்டிக்கொண்டு அழுகிறாள், இயந்திரம் பழைய மெக்கானிக்கின் உருவத்தைக் காட்டுகிறது, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறவர் திரும்பி அவளைப் பார்த்துச் சிரிக்கிறார். முதல் பாகத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய துண்டு என்று பெருமையாகச் சொன்னாய். உன் உதவியாளர்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சினார்கள். தம்பி, அது அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை. அன்றைக்கு மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அது இல்லாவிட்டால் தாழ்ப்பாள்கூடத் தெரியாதே என்று இரண்டு பஸ் மாறி எடுத்துக்கொண்டு போனேன். லைட் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடிக் கூட்டைத் தூக்கிக் காட்டினேன். யாரோ நிற்பது மட்டும் தெரிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நான்தான் என்று புரிந்ததும் சிரித்தார். சிரிப்பில் உன் அண்ணன் எவ்வளவு கஞ்சம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட ஒன்று கிடையாது. கேமரா ஓடியது எனக்குத் தெரியாது. இருபது வருடமாக அந்தச் சிரிப்பு என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அதைத் தூக்கி ஊருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இந்தத் தடவைதான் அதிசயமாக அனுமதி கேட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு தாள் அனுப்பியிருக்கிறார்கள். அதில் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தத் துண்டை எடுத்துவிடு. எடுக்காவிட்டால் அண்ணி என்று ஒருத்தி உனக்கு இருந்தாள் என்பதையே மறந்துவிடு.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி, நூறு வயது இருக்கட்டும், சினிமாப் பக்கம் மட்டும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
கோபம் தீராத
உன் அண்ணி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். படத்தில் சேராத பழைய துண்டுகளையெல்லாம் இந்தத் தடவை அழித்துவிடப் போகிறார்கள் என்று அன்றைக்குப் பேச்சுவாக்கில் சொன்னாயே, அது இப்போதுதான் உறைத்தது. தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று. அவர் சிரித்த உடனே வெட்டிவிட்டாய். அதற்கப்புறம் கண்ணாடியை வாங்க இரண்டடி முன்னால் வருவார், கூட்டை நீட்டுகிற என் கையும் ஓரத்தில் தெரிய வேண்டும். அதையும் சேர்த்துவிடு. விண்வெளியில் கண்ணாடிக் கூட்டோடு ஒரு பொம்பளை கை எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், ஆறாம் பாகத்தில் சொல்லிக்கொள்ளுங்கள்.