சாப்பிட்டீங்களா என்று கேட்ட சூப்பர்வைசர்

"சாப்பிட்டீங்களா வெங்கடம்மா?" என்று பூபதி கேட்டதும், லைனில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த வெங்கடம்மாளின் கையிலிருந்த டேப் சுருள் நழுவி மேஜைக்கு அடியில் உருண்டு ஓடியது.

தரை கூட்டிக்கொண்டிருந்த நஞ்சம்மா அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, பூபதியை மேலும் கீழும் பார்த்தாள்.

அவள் பார்த்ததில் தப்பில்லை. ஓசூரில் ஸ்கூட்டர்களுக்கு ஒயரிங் செய்யும் அந்தக் கம்பெனியில், மூன்றாம் லைன் சூப்பர்வைசர் பூபதி காலையில் வாயைத் திறந்தால் முதலில் வருவது "மணி என்ன ஆச்சு?" என்பதுதான். அவர் கத்தினால் மெயின் கேட் வரை கேட்கும். அதே தொண்டையால்தான், பேரிகை ஊரிலிருந்து வரும் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து ஓடி வரும் வரை கம்பெனி பஸ்ஸை நகரவிடாமல் நிறுத்தி வைப்பார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது அந்தத் தொண்டை இறங்கியதற்குக் காரணம் எம்.பி.ஏ. படிப்புதான். வேலை பார்ப்பவர்களுக்காகப் பெங்களூரில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், நாற்பத்தெட்டு வயதில் சேர்ந்திருந்தார். பாஸானால், குருபரப்பள்ளியில் திறக்கப்போகும் புது யூனிட்டுக்கு அவர்தான் மேனேஜர். மேல்படிப்பு இல்லை என்று மேனேஜர் பதவி ஏற்கெனவே இரண்டு முறை கைநழுவிப் போயிருந்தது. ஃபெயிலாகிவிட்டால் மானம் போய்விடும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவி பொற்கொடியிடம் மட்டும், தன் தலையில் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லியிருந்தார்.

வேலை செய்யும் இடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஒரு பாடம். அதற்கு ஒரு பிராஜெக்ட். உங்கள் ஆட்களிடம் ஒரு மாதம் அன்பாக நடந்து, என்ன மாற்றம் வருகிறது என்று எழுதுங்கள் என்றார் பேராசிரியை.

மாற்றம் முதல் வாரமே வந்தது. லைனில் யாரும் பேசுவதில்லை. சிரிப்பும் நின்றுவிட்டது. இழவு வீட்டில் பந்தி பரிமாறுவது போல ஒயர் சுற்றினார்கள்.

அன்பு போதவில்லை என்று முடிவு கட்டிய பூபதி, மறுநாள் கேன்டீனில் பிரேம்குமாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிரேம்குமார் அந்த லைனின் கடைசி ஆள். அதிகம் திட்டு வாங்குபவனும் அவனே.

"மனசுல ஏதாவது குறை இருந்தா சொல்லுப்பா. நான் கேக்கறேன்."

பிரேம்குமார் சாம்பார் சாதத்தையே பார்த்தான். "சார்... ஞாயித்துக்கெழமையானா ஃபைலைத் தூக்கிக்கிட்டு பெங்களூர் பஸ் ஏறறீங்களாமே, நிஜமா?"

"அது... ஆமாம்பா. சும்மா ஒரு வேலையா."

அவன் கண் கலங்கிவிட்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான்.

பூபதிக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. ஓசூரில் விடிகாலையில் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறுகிறவன் யார்? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவன்தானே!

"எனக்குப் பெரிய வியாதின்னு நெனச்சுட்டாங்க பொற்கொடி" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"அப்ப உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்றாள் அவள், தோசைக்கல்லை விட்டுத் திரும்பாமலே.

"பாஸாகட்டும், சொல்றேன். நீ வாயத் தொறந்துடாத."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் தன் திடகாத்திரத்தை நிரூபிப்பதற்காக, இரண்டு பேர் தூக்கும் கனெக்டர் பெட்டியைப் பூபதி ஒருவராகவே தூக்கினார். பெட்டி மேலே வந்தது. இடுப்பு வரவில்லை. பிரேம்குமாரும் இன்னும் மூன்று பேரும் அவரைப் படுக்க வைத்தபடியே முதலுதவி அறைக்குத் தூக்கிப் போனார்கள்.

"ஒண்ணுமில்லப்பா, வெறும் பிடிப்புதான்" என்று போகும் வழியெல்லாம் சொன்னார்.

அடுத்த பாடம் பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பது. தைலம் மணக்க வந்து, டூல் அலமாரிச் சாவியை வெங்கடம்மாளிடம் நீட்டினார்.

"இனிமே நீங்களே பார்த்துக்கோங்கம்மா. நான் இல்லேன்னாலும் லைன் தானா ஓடணும்."

வெங்கடம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ தேவுடா! அப்படிச் சொல்லாதீங்க சார். திட்டுங்க, வாங்கிக்கறோம். சாவி மட்டும் குடுக்காதீங்க."

லைன் மொத்தமும் மூக்கைச் சிந்தியது. பூபதிக்கே அழுகை வந்துவிட்டது. இந்த நிலைமையைப் பிராஜெக்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவருக்குப் புரியவில்லை.

பரீட்சைக்கு முந்தைய திங்கட்கிழமை, மூன்றாம் லைன் முழுவதும் நொண்டிக்கொண்டே வந்தது.

"என்னாச்சு? ஏன் எல்லாரும் இப்படி நடக்கறீங்க?"

"நேத்து சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போனோம் சார். செருப்பில்லாம ஏறினோம். வெயில்ல கால் கொப்புளிச்சிருச்சு" என்று பிரேம்குமார் திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினான். "உங்க பேருக்குத்தான் அர்ச்சனை."

இத்தனை வருடம் திட்டித் தீர்த்தவனுக்காக, ஒரே ஒரு விடுமுறை நாளில் கால் வெந்து வந்து நிற்கிறார்கள். அதற்கு மேல் அவர்களை ஏமாற்றப் பூபதிக்கு மனம் வரவில்லை.

"எனக்கு ஒரு வியாதியும் இல்லப்பா! ஆஸ்பத்திரிக்கும் போகல. எம்.பி.ஏ. படிக்கிறேன். வர்ற ஞாயித்துக்கெழமை பரீட்சை. அன்பாப் பேசினது, சாவி குடுத்தது எல்லாம் பிராஜெக்டுக்காக. மன்னிச்சுடுங்க."

லைனில் ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"தெரியும்ங்க சார்" என்றாள் வெங்கடம்மாள் மெல்ல. "பொற்கொடியக்கா மொத வாரமே சந்தையில சொல்லிட்டாங்க. நீங்க பாஸானா குருபரப்பள்ளிக்கு மாத்திருவாங்கன்னும் சொன்னாங்க."

"தெரிஞ்சுமா இந்த அழுகை? அப்புறம் என் உடம்புக்குன்னு எதுக்கும்மா மலை ஏறினீங்க?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நஞ்சம்மா மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க உடம்புக்கு யாரு ஏறினா சார்? நீங்க ஃபெயிலாவணும்னுதான் ஏறினோம்."