உள்நோக்கம் எதுவும் இல்லை

கல்யாணப் பத்திரிகையிலிருந்து தாய்மாமன் காணாமல் போயிருந்தார்.

"அவரு பேரை நான்தான் வே அடிச்சேன். திரையில இருந்துச்சு, தாள்ல இல்ல," என்றார் அச்சகம் வைத்திருக்கும் பீர் மைதீன். "முக்கூடல்லேர்ந்து பஸ் ஏறி வந்து எங்க கடை வாசல்ல நிக்காரு அந்த மனுசன். 'என்னைய எதுக்குவே வெட்டிவிட்டீரு'ன்னு கேக்காரு. நான் என்ன பதில் சொல்ல?"

எலியேசர் அந்தப் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தில் பயிற்றுநர். 'மணவோலை' என்ற அந்த மென்பொருளை மூன்று வருடமாக, மாலை நேரங்களில் உட்கார்ந்து எழுதியவர். சொந்தக்காரர்களின் பெயர்களைக் கொடுத்தால் போதும். அதுவே அளவு பார்த்து, பக்கம் பிரித்து, தமிழில் பத்திரிகையை அச்சிட்டுத் தந்துவிடும். இந்தத் தொண்ணூற்றெட்டாம் வருடத்தில் அதை நம்பிய அச்சகம் உலகத்திலேயே ஒன்றுதான்.

போன மாதம் ஒரு பெரியப்பா மறைந்தார். இப்போது தாய்மாமன். மற்ற பத்திரிகைகளில் எல்லாரும் சௌக்கியமாக இருந்தார்கள்.

"தை பொறக்கதுக்குள்ள சரிபண்ணும். இல்லைன்னா பழையபடி ஈய எழுத்தைக் கோத்து அடிச்சுக்கிடுதேன். ஒம்ம மணவோலையை நீரே வச்சுக்கிடும்."

எலியேசர் மென்பொருளின் கட்டளை வரிகளான நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தார். தான் எழுதியதைப் படிக்கும்போது கண் எழுத்தைப் பார்ப்பதில்லை. மனதில் நினைத்திருந்ததைத்தான் பார்க்கிறது. வேறு கண்கள் வேண்டும். வெளிநாடுகளில் சிலர் இதற்கு ஒரு வழி கண்டிருப்பதாக ஒரு கணினி இதழில் வாசித்திருந்தார். மென்பொருளோடு அதன் மூலநிரலையும் இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள். பின்மூடியைக் கழற்றிவிட்டுக் கடிகாரத்தைக் கையில் கொடுப்பது போல. முன்பின் தெரியாதவர்கள் பார்த்து, பழுதைக் கண்டுபிடித்து, திருத்தி அனுப்புகிறார்களாம்.

மறுநாளே கல்லூரி வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்: 'மணவோலை இலவசம். மூலநிரலும் இலவசம். சனிக்கிழமை மாலை வாருங்கள். படியுங்கள். திருத்துங்கள்.'

வங்கியில் வேலை பார்க்கும் சங்கரசுப்பிரமணியன் மட்டும் அதைப் படித்துவிட்டு நின்றார். வீட்டில் சொந்தமாகக் கணினி வைத்திருப்பவர்.

"சும்மாவா தாரீரு?"

"ஆமா சார்."

"நான் ஒக்காந்து திருத்தினா, அது யாருக்குச் சேரும்?"

"எல்லாருக்கும்."

சங்கரசுப்பிரமணியன் ஓர் அடி பின்னால் போனார். "போன வருசம் ஒரு பைனான்ஸ்காரனும் இதைத்தான் சொன்னான். சேரும்போதே தூக்குவாளி சும்மா குடுத்தான். இப்ப அவனும் இல்ல, எங்க பணமும் இல்ல. தூக்குவாளி மட்டும் இருக்கு."

அந்தச் சனிக்கிழமை யாரும் வரவில்லை.

வெறும் அழைப்பு போதாது என்று எலியேசர் நினைத்தார். 'தேநீர், வடை உண்டு' என்று ஒரு வரி சேர்த்தார். மனைவி ஜெபராணி ஒரு சட்டி நிறைய ஆமவடை சுட்டுக் கொடுத்தாள். தட்டச்சுக் கடை வைத்திருக்கும் ஐயம்பெருமாள் வந்தார். வாசல் தாண்டி உள்ளே வரவில்லை.

"உள்ள வாங்க அண்ணாச்சி."

"இருக்கட்டும் சார். மொதல்ல வடை குடுப்பீக. பெறகு பாட்டுப் பாடுவீக. பெறகு கண்ணை மூடச் சொல்லுவீக. எங்க வீட்ல ஏசுவாக."

"இது கம்ப்யூட்டர் கூட்டம் அண்ணாச்சி!"

"கண்ணை மூடுத வரைக்கும் அப்படித்தான் சொல்லுவீக," என்று சொல்லி இரண்டு வடையை எடுத்துக்கொண்டு ஐயம்பெருமாள் பைய நடந்துவிட்டார்.

இதற்கும் மருந்து கண்டார் எலியேசர். கூட வேலை பார்க்கும் காந்திமதிநாதன் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். அவர் பெயரை அறிவிப்பில் முதலில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து ஜெபராணியின் தங்கை கரோலின் நேரே வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அத்தான் ஏதோ கட்சில சேந்துட்டாகளாமே? நோட்டீஸ்ல அந்தத் திருநீத்துக்காரரு பேரைப் பாத்துட்டு சபையில பேசிக்கிடுதாக."

கடைசி முயற்சியாக எலியேசர் அறிவிப்பின் அடியில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'உள்நோக்கம் எதுவும் இல்லை.'

அதுவரை பலகையைத் திரும்பிப் பார்க்காதவர்கள்கூட நின்று பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்கள். கல்லூரி முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார்.

"எலியேசர், விடுதிக் கட்டணம் ஏத்துன நோட்டீஸ்லகூட நான் இப்படிப் போடல. என்னய்யா பண்ணுதீரு அந்த ரூமுக்குள்ள?"

அன்று வீட்டுக்கு வந்து எலியேசர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "மார்கழி முடியப்போவுது. பீர் மைதீன் ஈய எழுத்தைத் தொடைக்க ஆரம்பிச்சுட்டாரு. மூணு வருச வேலை போச்சு ஜெபா."

ஜெபராணி மீந்த வடைகளை மோரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை கணினிக் கூடத்தின் கதவைத் திறக்க வந்த எலியேசர் திகைத்து நின்றார். வாசலில் சங்கரசுப்பிரமணியன் இருந்தார். ஐயம்பெருமாள் இருந்தார். எலியேசரின் எதிர்வீட்டில் இருக்கும் கணினி மாணவி சங்கரி, தன் தோழிகளோடு சிவப்புப் பேனா சகிதம் நின்றாள்.

"மூலநிரலை மொத்தமாத் தருவீரா? ஒரு பக்கம் கொறையாம?" என்றார் சங்கரசுப்பிரமணியன்.

"ஒரு வரி கொறையாது சார்!"

அச்செடுத்த நிரலை ஆளுக்குச் சில பக்கங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். தேநீரை ஒருவரும் தொடவில்லை. பேச்சும் சிரிப்பும் இல்லை. விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்கள்.

"இந்த வரி எதுக்கு?"

எலியேசர் விளக்கினார்.

"இந்த எண்ணு எங்கன போகுது?"

அதையும் விளக்கினார். இப்படி ஆர்வத்தோடு கேட்கிறவர்களை அவர் வகுப்பில் கண்டதே இல்லை. கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். அவர் சொன்னதை நம்பாமல் அவர்களே ஒருமுறை கணக்குப் போட்டுச் சரிபார்த்தார்கள். அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது.

திடீரென்று சங்கரி நிமிர்ந்தாள்.

"சார், நிரல் இங்கன ஒரு பேரைக் கையில எடுக்குது. பக்கம் நெறஞ்சிருக்கு, அதனால அடுத்த பக்கத்துக்குப் போவுது. போனதும் அடுத்த பேரை எடுக்குது. அப்ப கையில வச்சிருந்த பேரு எங்க?"

எல்லாரும் எலியேசரையே பார்த்தார்கள்.

"சொல்லுங்க சார். எங்க?"

"தாய்மாமன்!" என்று கத்தினார் எலியேசர்.

அவ்வளவுதான் விஷயம். பக்கம் சரியாக நிறையும் இடத்தில் யார் பெயர் வருகிறதோ, அவர் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார். புதுப்பக்கம் போனதும் முதலில் கையிலிருக்கும் பெயரை எழுது என்று ஒரே ஒரு வரி சேர்த்தார்கள். தாய்மாமன் திரும்பி வந்தார். பெரியப்பாவும் வந்தார்.

பீர் மைதீன் ஈய எழுத்துகளைப் பெட்டியில் போட்டு மூடினார். தை மாதத்துப் பத்திரிகைகளில் ஒரு சொந்தக்காரரும் விடுபடவில்லை. ஆனால் வந்தவர்கள் வருவதை நிறுத்தவில்லை. வாராவாரம் வந்தார்கள். வேண்டாத வரிகளை அடித்தார்கள், சுற்றிவளைத்த கணக்குகளை நேராக்கினார்கள். திசையன்விளையிலிருந்துகூட இருவர் வந்து இறங்கினார்கள்.

எலியேசருக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

"பாத்தியா ஜெபா? நோட்டீஸ் வேலை செஞ்சுட்டு. தெறந்து வச்சா ஜனங்க வருவாங்க. ஆனா ஒண்ணுதான் புரியல. பிழை அகப்பட்ட பெறகும் இன்னும் எதையோ தேடுதாக."

ஜெபராணி அவர் தட்டில் ரசத்தை ஊற்றினாள்.

"நோட்டீஸைப் பாத்து யாரு வந்தா? நீங்க அந்த நிரலுக்குள்ள என்னமோ ஒளிச்சு வச்சிருக்கீக, ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாதுன்னு இருக்கீகன்னு சங்கரியோட அம்மாட்ட மட்டும் சொன்னேன். வேற யாருட்டயும் நான் சொல்லல."