மிச்ச நேரத்துச் சீமான்

காசை மிச்சம் பிடிக்கிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்த ஆசாமி வேறு ரகம். இவர் நேரத்தை மிச்சம் பிடிக்கிறவர். வீட்டுக்கு ஒருவர், அலுவலகத்துக்கு நாலு பேர் என்று பரவிக் கிடக்கிற இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். "என்ன, சும்மாதான் இருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். திருட்டுப் பட்டம் கட்டிவிட்டதுபோல் பதறிப் போவார்.

எனக்குத் தெரிந்தவர் இந்த இனத்தில் கலப்படமில்லாத சரக்கு. ஒரு கிடங்கின் கணக்குப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். அவருக்கு அடுத்த மேசையும் என்னுடையது, அடுத்த வீடும் என்னுடையது. யார் செய்த பாவமோ! அலுவலகத்தில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'மிச்சக்காரர்'. அதை அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் வீட்டைப் பாருங்கள். பெருக்குவதற்கு ஒரு தட்டை மிஷின் வாங்கி வைத்திருக்கிறார். தானாக ஓடும், தானாகத் திரும்பும், தானாகப் போய் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். எல்லாம் தானாக. ஆனால் அது ஓடுவதற்கு முன்னால் நாற்காலிகளைக் கட்டில்மேல் ஏற்றி, செருப்புகளை அலமாரியில் ஒளித்து, வயர்களைச் சுருட்டி, அது சோபாவுக்கு அடியில் சிக்கிக்கொண்டு அலறும்போது தரையில் குப்புறப் படுத்துக் குச்சியால் நெம்பி வெளியே இழுத்து, அதன் வயிற்றைப் புரட்டி உள்ளே சுற்றிக் கிடக்கும் முடியைக் கத்தரித்து எடுப்பது யார்? சாட்சாத் நம்மாள்தான்.

"நான் பெருக்கினா நீங்க காலைத் தூக்கினாப் போதும்," என்பார் மனைவி. "இது பெருக்கினா வீட்டையே தூக்க வேண்டியிருக்கு."

"பழகிட்டா நேரம் மிச்சம்மா."

"மிச்சமாகி?"

"மிச்சமாகி... எவ்வளவோ இருக்கே!"

அந்த 'எவ்வளவோ' என்ன என்பது அந்த அம்மாளுக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு மருந்துக் கடையில் காலை நேர வேலை. கல்லூரி நாளில் ஷட்டில் ஆடிக் கோப்பை வாங்கியவர். கல்யாணமான புதிதில் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற கொடியையே வலையாக வைத்து இரண்டு பேரும் ஆடுவார்கள். இப்போது மட்டைகள் இரண்டும் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகின்றன. மாடியில் விளக்குக் கிடையாது. பொழுது சாய்ந்தால் ஆட்டம் இல்லை. அவர் நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போது புருஷன் வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறார். ஒவ்வொரு புது மிஷின் வரும்போதும் நம்மவர், "இது ஒண்ணு மட்டும் வரட்டும், தினமும் ஆடலாம்" என்பார்.

"எனக்கு இப்பவே முட்டி வலிக்குது," என்று ஒருநாள் அந்த அம்மாள் சொன்னது சுவரைத் தாண்டி எங்கள் சமையலறை வரைக்கும் கேட்டது. "நீங்க மிச்சம் பிடிச்சு முடிக்கிறதுக்குள்ள என்னால ஓட முடியாமப் போயிடும், பாத்துக்கங்க."

இனி அலுவலகம். வந்த சரக்கு, போன சரக்கு, அவற்றுக்கான பில்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து முடிப்பதற்குள் எங்களுக்குத் தினமும் இருட்டிவிடும். அப்போதுதான் பில்லைத் தானே படித்துத் தானே ஒத்துப் பார்க்கிற ஒரு புது புரோகிராம் வந்தது. கொண்டுவந்தவர் மிச்சக்காரர்தான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். முதல் நாளே மாலை டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்களில் விவரமானவர் பில் பிரிவு அக்கா. அவர்தான் குரலைத் தாழ்த்தி, "யாரும் மூச்சு விடாதீங்க. மேல தெரிஞ்சா மிச்சமான நேரம் நமக்கில்ல, மேனேஜருக்கு" என்றார். மூச்சு விடவில்லை. கணக்கை மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்து, அலுவலகம் முடிகிற மணிக்குச் சரியாகக் கொடுத்துவிட்டு, சூரியன் இருக்கும்போதே வீட்டுக்குக் கிளம்பினோம். என் வீட்டுக்கு மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல் இருப்பதே அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

மிச்சக்காரர் கிளம்பினாரா? எங்கே கிளம்பினார்! ஆளுக்கு எவ்வளவு நேரம் மிச்சமானது என்று பச்சையிலும் மஞ்சளிலும் கட்டம் கட்டமாகப் படம் போட்டுக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். மிச்சமான நேரம் முழுவதும் மிச்சமான நேரத்தைக் கணக்குப் பார்ப்பதிலேயே போய்க்கொண்டிருந்தது.

"சார், உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், அதை மேல கொண்டுபோய்க் காட்டிடாதீங்க," என்றார் அக்கா.

"நல்ல விஷயத்தை எப்படிம்மா மறைக்கிறது?"

போய்க் காட்டினார். மேனேஜர் எழுந்து நின்று கை தட்டினார். "பிரமாதம் சார்! இவ்வளவு நேரம் சும்மாவா கெடக்குது? அப்போ பக்கத்துக் கிடங்குக் கணக்கையும் நீங்களே பாத்துடுங்க!"

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டீங்களே சார்!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். மிச்சக்காரர் அசரவில்லை. அடுத்த கிடங்குக்கும் ஒரு புரோகிராம் வருகிறதாம், அது வந்த பிறகு பாருங்கள் என்றார். அன்றிலிருந்து நாங்கள் முன்னைவிட இருட்டில் வீட்டுக்குப் போகிறோம். போன பிறகும் கைப்பேசி கிணுகிணுக்கிறது. மேற்கு ஜன்னல் மறுபடியும் சுவராகிவிட்டது.

பிறகு ஒருநாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்ததும், புரோகிராம் படுத்துவிட்டது. எல்லார் திரையும் வெள்ளை. தட்டினோம், அணைத்தோம், திட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. பழையபடி கையால் செய்யலாம் என்றால் எங்களுக்கே மறந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் மேனேஜர், "எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார்.

பட்டப்பகலில் வாசலில் வந்து நின்ற புருஷனைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னங்க, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. மிஷின் படுத்துடுச்சு."

அவ்வளவுதான். அவரைச் சட்டையைக்கூட மாற்ற விடாமல் கையில் மட்டையைத் திணித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் எங்கள் மாடியில் துணி எடுப்பதுபோல் நின்று முழு ஆட்டத்தையும் பார்த்தேன். முட்டி வலியாவது ஒன்றாவது! அந்த அம்மாள் பறந்து பறந்து அடித்தார். நம்மவர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார், தோற்றார், தொட்டிச் செடியில் விழுந்தார், விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தார். அத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் அலுவலகத்தில் கேட்டதே இல்லை. சொல்வதற்கென்ன, பார்த்த எனக்கே மனசு நிறைந்துவிட்டது. இறகுப்பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஆடினார்கள்.

"தினமும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்!" என்றார் நம்மவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"இருக்கட்டுமே. யாரு வேண்டாங்குறா?"

மறுநாள் காலையில் எங்கள் எல்லாருக்கும் முன்னால் அலுவலகத்துக்கு வந்து, மேனேஜர் அறையில் நின்றுகொண்டிருந்தார் மிச்சக்காரர். "நேத்து மாதிரி இனிமே நடக்கவே கூடாது சார். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு உடனே எழுந்திருக்கிற மாதிரி ரெண்டாவதா ஒரு மிஷின் போட்டுடலாம்." மேனேஜர் மறுபடியும் எழுந்து நின்று கை தட்டினார். போட்டார்கள். அதற்குப் பிறகு ஒருநாள்கூட எதுவும் படுக்கவில்லை.

இப்போது சாயங்காலங்களில் அந்த அம்மாள் என் மனைவியோடு ஆடுகிறார். நன்றாக ஆடுகிறார்களாம். நான் பார்த்ததில்லை, எனக்குத்தான் அவருக்கு அடுத்த மேசையாயிற்றே.

நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'இதை ரெண்டு வரியில சுருக்கிச் சொல்ல ஏதாவது மிஷின் வந்திருக்குமே' என்று நடுவில் ஒரு தடவையாவது தோன்றியதா? தோன்றியிருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. எழுந்து போய் உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். கொஞ்சம் சீக்கிரம் போங்கள், பொழுது சாய்கிறது.