பேச மறுத்த பெட்டி

இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வெங்கடசுப்ரமணியன் முடிவு செய்தார். போன நாலு ஞாயிற்றுக்கிழமைகளிலும் இதே முடிவைத்தான் செய்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டில் ஒன்று அவரைப் பார்த்துவிட்டுப் போனது.

கரமனை அக்ரஹாரத்தில் அவர் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. 2004 மழையில் அதன் எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் புகுந்து அது மண்டையைப் போட்டது. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வீரபாண்டி, அதற்குப் பதிலாக, கார் கம்பெனி செய்யாத, வெளியார் செய்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினான்.

"பழைய பெட்டியைவிட இது புத்திசாலி சார். லாப்டாப்பை மாட்டி என்ன சொன்னாலும் கேக்கும், பாத்துக்கிடுங்க" என்றான்.

சொன்னதைக் கேட்கும் ஒரு ஜீவன் தன் வாசலில் இருக்கப்போகிறது என்பதே வெங்கடசுப்ரமணியனுக்கு இனித்தது. செக்ரட்டேரியட்டில் இருபத்தாறு வருஷ சர்வீஸ். அங்கே அவர் சொல்வதை யாரும் கேட்டதில்லை. வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதே வாரத்தில்தான் அவர் மனைவி லலிதாம்பாள் குண்டைப் போட்டாள்.

"ஏன்னா, நான் கார் ஓட்டப் படிக்கப் போறேனாக்கும்."

பூஜை அறை அவளுடையது. டி.வி. அவளுடையது. ஈசிசேர்கூட அவள் அப்பா கொடுத்தது, அதில் அவள்தான் உட்காருவாள். அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு இருக்கை, அதுவும் வீட்டுக்கு வெளியே, ஸ்டீயரிங்குக்குப் பின்னால். அதையும் விட்டுக் கொடுத்தால் மனிதன் எங்கே போய் உட்காருவான்? ஆகவே அவர் ஒரு பொய் சொன்னார்.

"புதுப் பெட்டி லாப்டாப்போட கனெக்ட் ஆகல்லே, லலிதா. ஆகாம காரை அனக்கவே கூடாது, ஒரு அடி நகத்தப்டாது. எஞ்சின் வெந்து போயிடும்."

"அப்படியா? ஆனப்பறம் சொல்லுங்கோ."

சொல்லப்போவதில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மையில் பெட்டி தன் பாட்டுக்கு எஞ்சினை ஓட்டும். லாப்டாப் வேண்டியது எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல், காற்று அளவுகளை மாற்றுவதற்கு மட்டும்தான். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை லாப்டாப் பாட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தது. ஒயரை மாட்டியதும் திரையின் மூலையில் பச்சை விளக்கு அழகாக எரிந்தது. அவர் அதை அணைத்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போய், "ஆகல்லே" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொய் பலித்துவிட்டது.

பாட்டரி செத்துப்போயிருந்தது. மின்சாரம் வேண்டும். முன் அறை பிளக் டி.வி.க்கு. அடுக்களையில் ஒரு பிளக் தரலாம் என்று லலிதாம்பாள் மனமிரங்கினாள். அங்கிருந்து ஐந்து அறைகளைத் தாண்டி, வாசல்படி இறங்கி, கார் ஜன்னல் வழியாகக் கறுப்பு ஒயர் வந்தது. ஒயரை அவளே மாட்டினாள். கிரீஸ் கையோடு, குளிக்காமல், அவர் அடுக்களைப் படி தாண்டக் கூடாது. கார் வேலை முடிந்துதானே குளியல்? எனவே ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் வரைக்கும் அடுக்களை அவருக்கு வெளிநாடு.

பச்சை விளக்கு எரியும். இரண்டு நிமிஷம் இருக்கும். சிவப்பாகும். மறுபடி பச்சை. மறுபடி சிவப்பு. அப்புறம் சிவப்பேதான்.

இப்போது அவருக்கு நிஜமாகவே பெட்டியோடு பேச வேண்டியிருந்தது. மழைக்கு முந்தைய எஞ்சின் இல்லை இது. ஸ்டார்ட் செய்தால் இருமியது, உதறியது, அணைந்தது. அளவுகளைத் திருத்தாமல் ஓட்டினால் கிழக்கே கோட்டை சிக்னலில் நின்று மானம் போகும். தவிர, காரை அனக்கக் கூடாது என்று தானே சொல்லியாகிவிட்டது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஆபீசுக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்.

வீரபாண்டிக்கு ஞாயிறு தவறாமல் போன் போட்டார்.

"கேபிளை மாத்துங்க சார்."

மாற்றினார்.

"லாப்டாப்ல போர்ட் நம்பரை மாத்திப் பாருங்க."

ஒன்று, மூன்று, நாலு, ஏழு என்று எல்லாம் பார்த்தார்.

"சாவி ஆன்ல இருக்குல்லா?"

"நான் என்ன மடையனா?"

"கேக்கத்தான் செஞ்சேன் சார். சாப்ட்வேரைக் களைஞ்சுட்டுத் திரும்பப் போடுங்க."

போட்டார். காருக்கு அடியில் படுத்து எர்த் ஒயரைச் சுரண்டித் துடைத்து முறுக்கினார். சட்டையில் கரி, முழங்கையில் சிராய்ப்பு, மண்டையில் ஒன்றும் மிச்சமில்லை. பெட்டி பேசவில்லை. இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் பேசாமல் இருக்கும் ஜீவன்களோடு அவருக்குப் பழக்கம் உண்டு. ஆனால் லலிதாம்பாள் பேசாமல் இருந்தால் காரணம் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

சாப்பாடும் சேர்ந்து சோர்வைக் கொடுத்தது. நாலு வாரமாக அந்த வீட்டில் காலையில் இட்லி. டிபன் பாக்ஸில் தோசை. ராத்திரி ஊத்தப்பம். நடுவில் ஒரு நாள் மாறுதலுக்காகக் குழிப்பணியாரம்.

"சோறுன்னு ஒண்ணு உண்டல்லே, லலிதா?"

"மாவு மிஞ்சிப் போச்சு. தூரக் களையவா முடியும்?"

அப்படியாக இது ஆறாவது ஞாயிறு. ஒன்பது மணிக்கு ஒயர் வந்தது. ஒன்பதேகாலுக்குப் பச்சை.

"கிட்டிடுத்து" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

ஒன்பதே பதினேழுக்குச் சிவப்பு.

"போயிடுத்து."

பதினொரு மணிக்கு அவர் ஸ்டீயரிங் மேல் நெற்றியைச் சாய்த்துவிட்டார். ஹாரன் அடித்தது. அதை நிறுத்தக்கூட அவருக்கு மனம் வரவில்லை. எதிர் வீட்டு பார்வதியம்மாள் பேப்பரும் கையுமாக வெளியே வந்தாள். லலிதாம்பாளும் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"எந்தாச்சுன்னா?"

"மதி, லலிதா. போறும். எனக்கு மதியாச்சு. இதை யார் சரி பண்ணினாலும் சாவியை அவா கையிலேயே கொடுத்துடறேன். கொண்டு போகட்டும்."

"யார் பண்ணினாலுமா?"

"யார் பண்ணினாலும்."

"பேச்சு மாறப்டாது."

"சிவன் கோவில் வாசல்லேர்ந்து நாலு வீடு தள்ளி உக்காந்துண்டு பறையறேன். மாற மாட்டேன்."

"பார்வதி மாமி, கேட்டேளோல்லியோ?"

"கேட்டேன்டீ. நன்னாக் கேட்டேன்" என்றாள் பார்வதியம்மாள், பேப்பரை மடித்து வைத்தபடி.

லலிதாம்பாள் உள்ளே போனாள். வெங்கடசுப்ரமணியன் மனசுக்குள் சிரித்தார். ரிமோட்டில் பாட்டரி மாற்றவே அவரைக் கூப்பிடுகிறவள் அவள். சிரிப்பு முடிவதற்குள் திரையின் மூலை பச்சையானது.

இரண்டு நிமிஷம் போனது. பச்சை. ஐந்து நிமிஷம். பச்சை. அவர் மூச்சுவிடாமல் அளவுகளைத் திருத்தினார். எஞ்சின் இருமலை நிறுத்தி, உதறலை நிறுத்தி, சீராக ஓடத் தொடங்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குளித்திருந்தால் கோவில் இருக்கும் திசை பார்த்துக் கீழே விழுந்து நமஸ்காரம் செய்திருப்பார்.

"லலிதா! நீ என்ன பண்ணினே?"

"கிரைண்டரை நிறுத்தினேன்."

"எந்த கிரைண்டரை?"

"ஆத்துல எத்தனை கிரைண்டர் இருக்கு? உங்க ஒயரும் அதுவும் ஒரே பிளக்லதானே இருக்கு. அது ஓடித்துன்னா உங்க பெட்டிக்குக் காது கேக்கறதில்லையாக்கும்."

நாலு வாரத்து இட்லியும் அவர் கண் முன்னால் ஒவ்வொன்றாக வந்து போனது.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது ஞாயித்துக்கிழமையிலேர்ந்து. நான் ஸ்விட்சைப் போட்டா வாசல்ல 'போயிடுத்து'ம்பேள். நிறுத்தினா 'கிட்டிடுத்து'ம்பேள். மூணு தரம் போட்டுப் போட்டுப் பார்த்தேன். அப்பறம் சந்தேகமே இல்லை."

"சொல்லப்டாதா?"

"நீங்க மொத ஞாயித்துக்கிழமை பச்சை எரிஞ்சதைச் சொன்னேளா? நான் ஜன்னல் வழியாப் பார்த்துண்டுதான் நின்னேன்."

பார்வதியம்மாள் பேப்பரால் வாயை மறைத்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாலு வாரமாகத் தெருவில் பாதி வீட்டு அரிசியும் உளுந்தும் இங்கேதான் அரைபட்டுக்கொண்டிருந்தது.

லலிதாம்பாள் கையை நீட்டினாள். அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"லைசென்ஸ் இல்லாம சாவி தரப்டாது. போலீஸ் பிடிப்பான்."

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து அவள் லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். போட்டோவில் நெற்றிக் குங்குமம் பளிச்சென்று இருந்தது.

"நீங்க பஸ்ஸுல ஆபீஸ் போற நேரத்துல நான் டிரைவிங் ஸ்கூல் கார்ல போயிண்டிருந்தேன். மொத டெஸ்ட்லயே ஹெச் போட்டுக் காட்டி பாஸாயிட்டேன். நீங்க அந்தக் காலத்துல எத்தனை தரம் எடுத்தேள்?"

மூன்று தரம். சாவியைக் கொடுத்தார். கதவைத் திறந்து, இறங்கி, அந்த இருக்கையை ஒரு தடவை பார்த்தார். அவர் உடம்பின் சூடு அதில் இன்னும் இருந்திருக்கும்.

லலிதாம்பாள் உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பினாள். பார்வதியம்மாள் எப்போது செருப்பு மாட்டினாளோ, மறுபக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கே போறேள்?"

"சங்குமுகம். மாமி கடலைப் பார்த்து எத்தனை காலமாச்சு."

"லாப்டாப் இல்லாமப் போகப்டாது. எஞ்சின் வெந்து போயிடும்."

"வேகாது. வீரபாண்டிகிட்ட போன மாசமே கேட்டாச்சு."

அவள் லாப்டாப்பைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, ஜன்னல் வழியாக அவர் கையில் வைத்தாள். கார் ஒரு குலுங்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. நாலு வீடு தாண்டிக் கோவில் வாசலில் நின்றது. தனக்காகத்தான் நிற்கிறது என்று வெங்கடசுப்ரமணியன் ஒரு எட்டு எடுத்து வைத்தார்.

"ஏன்னா, உள்ள நாலு ஆத்து அரிசி ஊறிண்டிருக்கு" என்றாள் லலிதாம்பாள், தலையை வெளியே நீட்டி. "குளிச்சுட்டு கிரைண்டரைப் போடுங்கோ. இனிமே எதுவும் போயிடாது."